புத்தகத்தை மூடிய பிறகு வந்த ருத்ரம்

பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்து, யஜுர் வேதத்தில் சிவனைப் போற்றும் பகுதியான ஸ்ரீருத்ரம் சொல்லிவந்தேன். பெரும்பகுதி மனப்பாடம். அந்தத் துணிவில்தான் மாலை நேர வேத வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் முதல் அனுவாகம் (பிரிவு) முடியும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளில் 'கதா' என்று எழுதி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்றார். "கதை" என்றேன். "பீமன் கையில் இருக்கும் கதையாகவும் இருக்கலாம். 'எப்போது' என்ற கேள்வியாகவும் இருக்கலாம். தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். வாயில் வரும்போது வேறு வேறாக வர வேண்டாமா?" என்றார்.

தமிழில் க, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வல்லோசையாகவும் இடையில் மெல்லிய ஓசையாகவும் தானே மாறிக்கொள்ளும். சமஸ்கிருதத்தில் இடத்தைப் பொறுத்து மாறுவதில்லை. அங்கே இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலிகள், நான்கு எழுத்துகள். புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று போட்டிருப்பது இதற்காகத்தான். 'நமோ ப⁴க³வதே' என்பதைப் பாருங்கள். ப⁴ மூச்சோடு அதிர்ந்து வர வேண்டும். அதைவிட முக்கியம் கடைசி 'தே'. அதற்கு எண் இல்லை. 'பத்து' என்பதில் வரும் வல்லின ஒலி. நாமோ 'அதே' என்று சொல்வதுபோல் குழைத்துவிடுகிறோம். என் பிழைகளில் பாதி, இப்படிச் சொல்லின் நடுவில் வரும் த-வில்தான் இருந்தது.

திருத்திக்கொள்ள இரண்டு பழக்கங்கள் உதவின. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துக்கொண்டு க, க² சொல்வது. இரண்டாவதற்கு மட்டும் காற்று கையில் மோத வேண்டும். தொண்டையில் விரல் வைத்து த, த³ சொல்வது; இரண்டாவதில் அதிர்வு விரலுக்குத் தெரியும். ஒரு மாதம் இதையே செய்தேன்.

அடுத்தது ஸ்வரம், அதாவது ஓதும்போது குரல் ஏறி இறங்கும் முறை. 'உதோத இஷவே நம:' என்ற சிறு பகுதியில் உ கீழே, தோ சமம், த கீழே, இ சமம், ஷ மேலே, வே கீழே, ந சமம், ம: மேலே. எழுத்தின் கீழ்க்கோடு இறங்கச் சொல்கிறது, மேல்கோடு ஏறச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு என்பதைக் கோடு சொல்லாது; காதுதான் சொல்லும். அதனால்தான் 'சந்தை' என்னும் கற்பிக்கும் முறை. வாத்தியார் ஒரு முறை சொல்ல, நாங்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வோம். புத்தகம் மூடியே இருக்கும்.

மோசமாக ஓதுபவர்கள் என்று பாணினீய சிக்ஷை என்ற பழைய உச்சரிப்பு நூல் ஆறு பேரைச் சொல்கிறது: ராகம் போட்டுப் பாடுபவர், அவசரப்படுபவர், தலையை ஆட்டுபவர், எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்பவர், பொருள் அறியாதவர், குரல் எழும்பாதவர். நான்காவதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. அதே நூல் எழுத்தை எப்படிச் சொல்வது என்பதற்குப் புலியைக் காட்டுகிறது. புலி தன் குட்டியைப் பல்லில் கவ்விச் செல்லும்போது கீழேயும் விழாது, பல்லும் பதியாது. ஒலி நழுவவும் கூடாது, கடித்துத் துப்பவும் கூடாது.

பக்தி இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். நாமஜபத்துக்கும் தோத்திரத்துக்கும் போதும் என்றே நானும் நம்புகிறேன். ஸ்வரத்தோடு காப்பாற்றிக் கொடுக்கப்பட்ட வேத மந்திரத்துக்கு அதோடு உழைப்பும் வேண்டும். ஒலிப்பதிவைக் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அது உங்கள் பிழையை நிறுத்தித் திருத்தாது. 'நம:' என்பதை 'நமஹா' என்று நீட்டும் பழக்கம் கூட்டுப் பாராயணத்தில் எளிதில் தொற்றிக்கொள்ளும். முதல் ஆறு மாதம் கூட்டத்தில் சேராமல் இருப்பது நல்லது.

பதினான்கு மாதம் கழித்து, பதினோரு அனுவாகமும் பார்க்காமல் தனியாகச் சொல்ல வேண்டிய தேர்வு வந்தது. ஏழு வரை தடையில்லை. எட்டில் 'நம: சிவாய ச சிவதராய ச' என்றதும் வாத்தியார் கையை உயர்த்தினார். அதே த. மூன்றாம் முறைதான் தலையசைத்தார். இப்போதும் காலையில் அந்த ஒரு சொல்லைப் பத்து முறை சொல்லிவிட்டுத்தான் பாராயணத்தைத் தொடங்குகிறேன்.