முடியும் என்றால் ஒரு வாசல், முடியாது என்றால் வேறொரு வாசல்

வேலை இழந்தவருக்கு அரசு தரும் உதவித்தொகையும் உடல்நலக் குறைவால் உழைக்க இயலாதவருக்குத் தரும் உதவித்தொகையும் பல நாடுகளில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான நிபந்தனைகளின் மீது நிற்கின்றன. முதலாவதைப் பெற விரும்புபவர் தம்மால் வேலை செய்ய முடியும் என்றும், அழைத்தால் உடனே வருவேன் என்றும், நாள்தோறும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் உறுதியளிக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்பவரோ, தம்மால் வேலை செய்ய முடியாது என்பதை மருத்துவச் சான்றுகளோடு நிறுவ வேண்டும். முதுகுத் தண்டில் அடிபட்டதால் பழைய வேலையைத் தொடர முடியாமல், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் அமர்ந்த நிலையில் உழைக்கக்கூடிய ஒருவர் இந்த இரண்டில் எந்த வாசலுக்குப் போவார்? முடியும் என்று சொன்னால் அது அரை உண்மை. முடியாது என்று சொன்னாலும் அப்படித்தான்.

இந்தப் பிளவு யாரும் திட்டமிட்டு உருவாக்கியதன்று. ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் தொழிற்சாலை விபத்துகளுக்கான காப்பீடு 1884-இலும், உழைக்கும் திறன் இழந்தோருக்கும் முதியோருக்குமான காப்பீடு 1889-இலும் சட்டமாயின. அதே ஜெர்மனி வேலையின்மைக் காப்பீட்டை 1927-இல்தான் ஏற்றது. பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல் கட்டுதல், கட்டுமானம் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் வேலையின்மைக் காப்பீடு அளித்தது. அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை இழந்தோருக்கு இடம் இருந்தது. உடல்திறன் இழந்த தொழிலாளர்கள் 1956 வரை காத்திருந்தார்கள், அப்போதும் முதலில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே கிடைத்தது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கவலைகளுக்காகப் பிறந்த திட்டங்கள் வெவ்வேறு அலுவலகங்களாகவும் வெவ்வேறு விண்ணப்பங்களாகவும் நிலைத்துவிட்டன. ஆனால் நோயும் வேலையிழப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே வருவது மிக இயல்பு. ஆட்குறைப்பு என்று வரும்போது அடிக்கடி விடுப்பு எடுக்க நேர்ந்தவரின் பெயர் பட்டியலில் முன்னால் இருப்பதைப் பணியிடங்களில் இருந்தவர்கள் அறிவார்கள்.

தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 102-ஆம் உடன்படிக்கை (1952), மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள ஒருவரை மாதிரியாகக் கொண்டு, வேலையின்மைக்கு முந்தைய ஊதியத்தில் 45 விழுக்காட்டையும், உழைக்கும் திறன் இழப்புக்கு 40 விழுக்காட்டையும் குறைந்தபட்சமாக வகுத்தது. வேலையில்லாக் காலம் பெரும்பாலும் மாதக்கணக்கில் முடிந்துவிடும். திறன் இழப்போ ஆயுள் முழுதும் தொடரக்கூடியது, அதற்கு மருந்து, உதவியாளர், தனி வாகனம், சக்கர நாற்காலி என்று செலவும் கூடுதல். இருந்தும் நீண்ட துன்பத்துக்குச் சிறிய விகிதம். இழந்த ஊதியத்தை ஈடுகட்டுவதும், உடல்நிலையால் உண்டாகும் கூடுதல் செலவை ஈடுகட்டுவதும் இரண்டு தனிக் கடமைகள் என்பதைப் பல திட்டங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிட்டன் 2013-இல் தொடங்கிய தனிநபர் சார்பின்மைத் தொகை (நீண்டகால நோயோ குறைபாடோ உண்டாக்கும் கூடுதல் செலவுக்கான உதவி), அதன் மதிப்பீட்டு முறை குறித்து எழுந்த குறைகள் எத்தனையோ இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் சரியான அடித்தளத்தில் நிற்கிறது: பெறுபவர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று அது கேட்பதில்லை, அவருடைய வருமானத்தையும் பார்ப்பதில்லை.

வேலைக்குத் திரும்ப முயலும் இடத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. அமெரிக்காவின் உடல்திறன் இழப்புக் காப்பீட்டைப் பெற, குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் நீடிக்கக்கூடிய நோயோ குறைபாடோ இருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க வருமானம் தரும் எந்த வேலையையும் அதனால் செய்ய முடியாது என்றும் காட்ட வேண்டும். பொதுவாக ஐந்து முழு மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். அந்த மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்து ஓரளவுக்கு மேல் சம்பாதித்தால், தம் விண்ணப்பத்தைத் தாமே பலவீனப்படுத்தியவராகிறார். தொகை வரத் தொடங்கிய பின் ஒன்பது மாதங்கள் வரை எவ்வளவு சம்பாதித்தாலும் அதை இழக்காமல் வேலை செய்து பார்க்கலாம். அதன் பிறகு வருமானம் வரம்பைத் தாண்டும் மாதங்களில் தொகை படிப்படியாகக் குறையாமல் முழுதாகவே நின்றுவிடுகிறது. இதைச் சோம்பலை வளர்க்கும் திட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். வரம்புக்குச் சற்று மேலே சம்பாதித்தால் மொத்த வருமானமே குறையும் என்று கணக்கிட்டு ஒதுங்குபவரைச் சோம்பேறி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கணக்குத் தெரிந்தவர் என்றுதான் சொல்வேன்.

பகுதித் திறனை ஏற்கும் ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் தொழிலாளி நோயுற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முதலாளியே ஊதியத்தில் குறைந்தது 70 விழுக்காட்டைத் தந்து, வேலைக்குத் திரும்பும் வழிகளையும் அவரோடு சேர்ந்து தேட வேண்டும். அதன் பின்னரும் குணமாகாதவரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளக்கிறார்கள். இழப்பு 35 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் அந்தத் திட்டத்தில் தொகை இல்லை, மேலே இருந்தால் பகுதித் தொகைக்கும் இடம் உண்டு. இரண்டு ஆண்டுச் சுமைக்கு அஞ்சி நோய் வரலாறு உள்ளவரை முதலாளிகள் தவிர்ப்பார்கள் என்ற ஐயம் எழும். அதனால்தான் அத்தகையவர் மீண்டும் நோயுற்றால் அந்தச் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கும் ஏற்பாட்டையும் அந்நாடு சேர்த்தே வைத்திருக்கிறது. டென்மார்க்கின் நெகிழ்வு வேலைத் திட்டத்தில் 2013 சீர்திருத்தத்துக்குப் பின், உண்மையில் செய்யப்படும் வேலைக்கு மட்டும் முதலாளி ஊதியம் தருகிறார். குறையும் வருமானத்துக்கு உள்ளாட்சி மானியம் தருகிறது. நான் அறிந்தவற்றில் "முடியுமா, முடியாதா" என்ற கேள்வியை "எவ்வளவு முடியும்" என்று மாற்றியவை இவைதான்.

இவ்வளவும் ஏதேனும் ஒரு திட்டத்துக்குள் வந்தவர்களைப் பற்றிய பேச்சு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் கடுமையான குறைபாடு உள்ளோரில் 33.5 விழுக்காட்டினருக்கே அதற்குரிய தொகை கிடைத்தது, வேலையற்றோரில் 18.6 விழுக்காட்டினருக்கே வேலையின்மைத் தொகை எட்டியது. சம்பளச் சீட்டும் சந்தா வரலாறும் இல்லாத தினக்கூலித் தொழிலாளிக்குச் சந்தாவை அடிப்படையாகக் கொண்ட எந்தக் காப்பீடும் பயன்படாது. அவர்களுக்குப் பொது வரிப் பணத்திலிருந்துதான் தர முடியும்.

திட்டம் வகுப்பவர்களிடம் ஒரே ஒரு விதியைக் கேட்கலாம் என்றால், வேலைக்குப் போகிறவரின் உதவித்தொகையை ரத்து செய்யாமல் நிறுத்தி மட்டும் வையுங்கள் என்பேன். அமெரிக்கச் சட்டத்திலேயே இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது: வேலை வருமானத்தால் தொகை நின்றவர், அதே நோயினாலோ அதோடு தொடர்புடைய நோயினாலோ ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் உழைக்க இயலாமல் போனால், புதிய விண்ணப்பம் இல்லாமல் பழைய தொகையை மீட்கக் கோரலாம், அந்தக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போதே ஆறு மாதங்கள் வரை தற்காலிகத் தொகையும் பெறலாம். ஏற்ற இறக்கமாக வரும் நோய்களுக்கு ஐந்து ஆண்டு என்ற எல்லை போதாது. அதை ஓய்வு வயது வரை நீட்டிக்க வேண்டும்.