துரு தெரியும் இடமும் இரும்பு கரையும் இடமும்

துருப்பிடித்தல் ஒரு வேதி மாற்றம் என்று பள்ளியில் ஒரே வரியில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வரியின் முழு வீச்சையும் காண விரும்புபவர்கள் பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் கர்டர்களை 1964 டிசம்பர் புயல் பெயர்த்தெறிந்தபோதும் 46 நாட்களில் அதைச் சீரமைத்துவிட்டார்கள். ஆனால் உப்புக்காற்று ஒரு நூற்றாண்டாக அரித்ததை அப்படி மீட்க முடியவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

மீட்க முடியாததன் காரணம் வேதியியலில் இருக்கிறது. உறைந்த நீர் உருகினால் மீண்டும் அதே நீர்தான். துருவோ வேறொரு பொருள். 112 கிராம் இரும்பு 48 கிராம் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து 160 கிராம் இரும்பு ஆக்சைடாகிறது. அதனுடன் நீரும் பிணைந்திருப்பதே நாம் காணும் செம்பழுப்புத் துரு. அதிலிருந்து இரும்பைத் திரும்பப் பெற வேண்டுமானால், தாதுவை உருக்குவதுபோல உலை வெப்பத்தில் கரியைக் கொண்டு ஆக்ஸிஜனைப் பிரித்தாக வேண்டும்.

இரும்பும் ஆக்ஸிஜனும் நீரும் ஒரே இடத்தில் கூடித் துருவாகின்றன என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதைவிட நுட்பமானது. கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் யூலிக் எவன்ஸ் புகழ்பெறச் செய்த சோதனை ஒன்றில், கரைந்த இரும்பைக் கண்டால் நீலமாகும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும், காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீனும் கலந்த உப்புநீரின் ஒரு துளியை இரும்புத் தகட்டின்மேல் வைப்பார்கள். சற்று நேரத்தில் துளியின் நடுவே நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம், இரும்பு அயனியாகிக் கரைவதைக் காட்டுகிறது. நடுவில் இரும்பு விட்டுச்செல்லும் எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்பை அடைய, காற்று எளிதில் கிடைக்கும் அங்கே ஆக்ஸிஜனும் நீரும் அவற்றைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. அந்தக் காரத்தன்மையே இளஞ்சிவப்பு. இரு வகை அயனிகளும் இடைவழியில் சந்தித்து, மேலும் ஆக்ஸிஜனை ஏற்று, துரு வளையமாகப் படிகின்றன.

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் வேறொன்று. அலுமினியத்தின் ஆக்சைடு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் காப்பதுபோல் துரு காக்காததற்கு இதுவும் ஒரு காரணம். துரு நுண்துளைகள் நிறைந்தது என்பது மற்றொன்று. உப்பு இந்த வினையில் தீர்ந்துபோவதில்லை. அயனிகள் நீரில் எளிதாக நகர வழிசெய்து, வினையை விரைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது.

தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடித்த பழைய பாலங்களில், அந்த இடுக்குகளே துளியின் நடுப்பகுதி போலாகின்றன: உப்புநீர் தங்கும், காற்று குறைவாகப் புகும், இரும்பு அங்கேதான் கரையும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் இணைப்புகளை முழுவதும் பற்றவைத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் உயர்தரப் பாதுகாப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருப்பதன் பொருள் இதிலிருந்து விளங்கும்.

கடலோர வீடுகளின் கிரில் கதவுகளுக்கும் இதே கணக்குதான். செந்நிறம் தெரிந்த இடத்தை மட்டும் சுரண்டி வண்ணம் அடிப்பதைவிட, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூட்டுகளைத் திறந்து பார்த்து, காயவைத்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சு அடிப்பது நல்லது. பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்புக்கு முன்னதாகத் துத்தநாகம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரையும்.