ஊதா ஒயரில் 5 வோல்ட்

நவம்பர் 11, 2024, திங்கள்

திருவான்மியூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கேபினெட் பழுதுபார்க்க வந்திருக்கிறது. சனிக்கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லையாம். விசிறி அசையவில்லை, பீப் இல்லை, முன்விளக்கும் எரியவில்லை. "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், புதுசு போட்டுடுங்க" என்று சீட்டிலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்ன வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. எழுதியது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை.

"ஆன் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நோய்கள் இருக்கின்றன. அசைவே இல்லை என்பது ஒன்று. விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுவது இன்னொன்று; அது பெரும்பாலும் ஷார்ட், அதாவது தொடக்கூடாத இரண்டு இடங்கள் ஒட்டிக்கொண்டு கரண்டை இழுப்பது. விசிறி ஓடுகிறது, திரையில் படம் வரவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன், ராமை (மெமரி அட்டையை) கழற்றி, தங்கப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டிப் பாருங்கள். பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இது முதல் வகை. வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று போனில் கேட்டதற்கு, பிளக் பாயிண்டில் டெஸ்டர் எரிந்தது என்றார்கள். அது போதாது. நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். அதே பாயிண்டில் டேபிள் ஃபேனைச் சொருகி ஓடவிடுவதே சரியான சோதனை. யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவரில் மாட்ட வேண்டும். மானிட்டரின் பவர் கார்டு பெரும்பாலும் அதே அச்சுத்தான், அதை மாற்றிப் போட்டும் பார்க்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது நம்மூர் கரண்டைக் கொடுத்தால் வெடித்துவிடும். துடைக்கும்போது விரல் பட்டு நகர்ந்திருக்கலாம். இந்தக் கேபினெட்டில் அந்த சுவிட்ச் இல்லை. பெஞ்சில் நல்ல கார்டு, நல்ல பாயிண்ட். அசைவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

முதல் சந்தேகம் நமக்கும் எஸ்எம்பிஎஸ் மேல்தான். கரண்ட் போய் வந்த பிறகு எழாத எஸ்எம்பிஎஸ் இந்த ஊரில் அடிக்கடி வரும். உள்ளே ஸ்டேண்ட்பை பகுதி என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை அணைத்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கிளப்பிவிடும் சின்ன கண்டென்சர் (சார்ஜைத் தேக்கும் பாகம்) சூட்டில் காய்ந்துபோனால், ஓடுகிற வரை ஓடும். ஒரு தடவை கரண்ட் நின்றால் மறுபடி எழாது.

அதனால் முதலில் அளக்க வேண்டியது அந்தப் பகுதியின் 5 வோல்ட் வரும் ஊதா ஒயர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு (எல்லாப் பாகமும் மாட்டும் பெரிய பலகைக்கு) போகும் 24 பின் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக ஊதா ஒயரின் துளையில் மீட்டரின் சிவப்பு முனை, ஏதாவதொரு கருப்பு ஒயரில் கருப்பு முனை. பட்டனை அழுத்தாமலே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஒயர் எல்லாமே கருப்பாக வரும் புது எஸ்எம்பிஎஸ்ஸில் எண்ணித்தான் பார்க்க வேண்டும்: ஊதா 9ஆம் பின், பச்சை 16ஆம் பின்.

காட்டியது 0.6, பிறகு 1.8, மறுபடி 0.6. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காது கொடுத்தால் டிக், டிக் என்று மெல்லிய சத்தம். செத்த எஸ்எம்பிஎஸ் இப்படிச் சத்தம் போடாது. எழ முயன்று, யாரோ இழுப்பதால் விழுந்து, மறுபடி முயல்கிறது.

24 பின்னைக் கழற்றினோம். 5.08, ஆடாமல் நிற்கிறது. ஆனால் சுமை இல்லாமல் நிற்பதை நம்ப முடியாது. ஊதாவுக்கும் கருப்புக்கும் நடுவே 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தோம்; 1 ஆம்பியர் இழுக்கும். 5.02. எஸ்எம்பிஎஸ்ஸை ஓடச் சொல்லும் பச்சையையும் பக்கத்துக் கருப்பையும் பேப்பர் க்ளிப்பால் இணைத்ததும் விசிறி ஓடியது. மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.05, ஆரஞ்சில் 3.36. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது. புதுசு வாங்கியிருந்தால் அதுவும் இதே டிக் டிக்தான் போட்டிருக்கும்.

விசிறி சுற்றாவிட்டாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

நவம்பர் 13, புதன்

இழுப்பது யார்? பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச சார்ஜை வடித்துவிட்டு, மீட்டரை ஓம்ஸுக்குத் திருப்பினோம். போர்டின் 24 பின் சாக்கெட்டில் ஊதா வரும் இடத்துக்கும் கிரவுண்டுக்கும் (கருப்பு ஒயர் வரும் இடத்துக்கும்) நடுவே 0.9 ஓம். கிட்டத்தட்ட நேர் ஷார்ட்.

இனி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதுதான். போர்டுக்கு வெளியே இருப்பதிலிருந்து தொடங்கினால் போர்டைக் கழற்றும் வேலையே மிச்சமாகலாம். கீபோர்டு, மவுஸ் கழற்றியாயிற்று, 0.9. கிராபிக்ஸ் கார்டு, ராம், 0.9. முன்பக்க ஆடியோ ஒயர், 0.9. முன்பக்க யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கியதும் மீட்டர் மேலே ஏறத் தொடங்கி, சில நூறு ஓமில் போய் நின்றது.

கேபினெட்டின் முகப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கதை தெரிகிறது. யுஎஸ்பி செருகும் போர்ட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாக்கு பாதியில் உடைந்திருக்கிறது. நான்கு செப்புப் பற்களில் ஓரத்துப் பல், 5 வோல்ட் வரும் பல், மேல்நோக்கி வளைந்து தகர உறையை ஒட்டி நிற்கிறது. உறை கிரவுண்டு. பல் தொட்ட இடத்தில் சின்னக் கருப்புப் புள்ளி.

வீட்டில் விசாரித்ததில் அந்த போர்ட்டில்தான் எப்போதும் போன் சார்ஜ் போடுவார்களாம். கரண்ட் போனதும் இருட்டில் போனை ஒயரோடு இழுத்திருக்கிறார்கள். பல மதர்போர்டுகளில் இந்த யுஎஸ்பி போர்ட்டுக்கு ஸ்டேண்ட்பை 5 வோல்ட்டே போகும். அதனால்தான் அணைத்த கம்ப்யூட்டரிலும் போன் சார்ஜ் ஏறுகிறது. வழியில் காக்கும் ஃபியூஸ் உண்டு. ஆனால் அது சூடாகித் தடுப்பதற்குள் எஸ்எம்பிஎஸ் முந்திக்கொண்டு தன்னை நிறுத்திவிட்டால், ஃபியூஸுக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

நவம்பர் 14, வியாழன்

முன்பக்க யுஎஸ்பி இல்லாமல் கரண்ட் கொடுத்தோம். ஊதாவில் 5.06. பட்டனை அழுத்தியதும் ஓடிவிட்டது. ஓடியிருக்காவிட்டால் அடுத்து பச்சை ஒயரைத்தான் பார்த்திருப்போம். அணைந்திருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை நிற்கும். பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழுந்தும் விசிறி ஓடாவிட்டால் கோளாறு பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில். விழவே இல்லையென்றால் பட்டனிலோ போர்டிலோ. போர்டில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் அதுவும் பிரிந்துவிடும்: அதில் ஓடினால் பட்டன்தான் கெட்டது.

போர்டின் காசு பேட்டரி 2.6 வோல்ட்தான் காட்டியது, தளர்ந்துவிட்டது. புது சிஆர்2032 போட்டாயிற்று. இது இன்றைய கோளாறுக்குக் காரணமில்லை, ஆனால் பழையதை விட்டிருந்தால் இன்னும் சில மாதத்தில் கம்ப்யூட்டரில் தேதி தப்பத் தொடங்கியிருக்கும்.

நவம்பர் 16, சனி

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒயரோடு முன்பக்க யுஎஸ்பி கிடைத்தது. மாட்டுமுன் அதையும் மீட்டரில் பார்த்தோம். சிவப்புக்கும் கருப்புக்கும் தொடர்பு இல்லை. கனெக்டரில் அடைபட்ட துளை, போர்டில் பின் இல்லாத இடத்துக்கு நேராக வர வேண்டும். திருப்பி அழுத்தினால் இதே ஷார்ட்டை நாமே உண்டாக்குவோம்.

இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு மஞ்சள் 12.04, சிவப்பு 5.03, ஊதா 5.05. கேபினெட்டின் அடித்தகடு ஓரங்களில் துரு இருக்கிறது. கடல் காற்று, தினமும் ஈரத்துணியால் துடைக்கும் தரை. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைக்கவும், போனுக்குத் தனி சார்ஜர் வைத்துக்கொள்ளவும் சீட்டில் எழுதி அனுப்பியாயிற்று. எஸ்எம்பிஎஸ் பழையதே.