தேக்குக் கப்பலைத் தேக்கில் செய்யப் போய்

திருகோணமலையின் பெயர் வைத்த ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்று படித்த அன்றைக்கே, அடுத்து செய்யப்போகும் மாதிரிக் கப்பல் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. பம்பாயில் வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி மேற்பார்வையில் கட்டி, 1817 அக்டோபரில் கடலில் இறக்கிய ஃப்ரிகேட், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டினார்கள். இத்தனை வருடம் உளுத்துப்போகாமல் தாங்கியதற்கு அந்தத் தேக்கு ஒரு பெரிய காரணம். இதில் ஒரு கூத்து என்னவென்றால், இதன் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிய ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற போர்க்கப்பல் அடித்து நொறுக்கிவிட, படங்களும் அதோடு போயின. மறுபடி ஒரு பிரதி அனுப்பித்தான் வேலை தொடங்கியது.

சரி, தேக்குக் கப்பலைத் தேக்கில்தானே செய்ய வேண்டும்? பழைய கதவு நிலை ஒன்று சும்மா கிடந்தது, நல்ல முதிர்ந்த மரம். அதை அறுத்து, 1 மி.மீ. கனத்துக்கு இழைத்துப் பட்டைகள் எடுத்தேன். எடுத்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஆனால் தேக்குக்குள் இருக்கும் சிலிக்கா இழைப்புளி அலகையும் ரம்பத்தையும் மழுங்கடித்துக்கொண்டே இருந்ததில் பாதி நேரம் சாணை பிடிப்பதிலேயே போனது. மரத்தில் எண்ணெய் இருப்பதால் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, ஒட்டும் முன் ஒவ்வொரு பட்டையையும் அசிட்டோனில் துடைக்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பத்துப் பட்டை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அது கப்பலாகவே தெரியவில்லை, தேக்குப் பெட்டி மாதிரி இருந்தது.

யோசித்தபோது காரணம் புரிந்தது. நான் எடுத்துக்கொண்ட அளவு 1:64. ஆறடி ஆள் இதில் மூன்று செ.மீ. கூட வரமாட்டான். ஆனால் மரத்தின் ரேகையும் துளையும் நமக்காகச் சுருங்காது. தேக்கில் கால் மி.மீ. அகலத் துளை சாதாரணம். அதை 64 ஆல் பெருக்கினால் 16 மி.மீ., அந்தக் குட்டி மாலுமி சுண்டுவிரலை உள்ளே விடலாம். அப்படிப்பட்ட பலகையில் யாராவது கப்பல் கட்டுவார்களா? நிஜமான மரத்தைப் போட்டால் நிஜமாகத் தெரியும் என்ற என் எண்ணம் தலைகீழ். ரேகையே தெரியாத பேரி மரம்தான் இந்த அளவில் தேக்காக நடிக்கும், கொஞ்சம் சாயம் ஏற்றினால் போதும். பத்துப் பட்டையையும் பிய்த்தேன். மிச்சத் தேக்கு, கப்பல் உட்காரும் பீடமாகிவிட்டது.

இன்னொரு தலைவலி, எந்த ஆண்டின் கப்பல் என்பது. 1845 வாக்கில் இதைப் பீரங்கி குறைத்து கொர்வெட்டாக, அதாவது ஃப்ரிகேட்டுக்கு அடுத்த சிறிய ரகமாக, மாற்றியபோது பின்பக்கத்தையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆகவே இன்றைய புகைப்படத்தை நம்பி 1817 கப்பலைச் செய்தால் பின்பக்கம் தப்பாகிவிடும். நான் 1817ஐ எடுத்துக்கொண்டு பழைய வரைபடங்களை மட்டும் நம்பினேன்.

இந்த வேலையில்தான் நம் கடலோடிகளின் சொற்கள் சில எனக்குப் பழகின. அடிக்கட்டைக்கு ஏரா, விலாக்கட்டைக்கு வங்கு, முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். கீல், பல்க்ஹெட் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கு இது ருசியாக இருக்கிறது.

ஏராவும் குறுக்குச் சட்டங்களும் நிறுத்துவது ஒரு வாரம், அவ்வளவுதான். மேலே பலகை போர்த்துவதில்தான் பொறுமை கரையும். 5 மி.மீ. பட்டையை முழு அகலத்தோடு அணியம் வரை இழுத்துக்கொண்டு போகத்தான் முதலில் எல்லோருக்கும் கை வரும், நானும் என் முதல் கப்பலில் அதையே செய்து பட்டைகள் மூக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கப்பலில் ஒரு பக்கம் போர்த்த வேண்டிய ஒரு பகுதி நடுவில் 12 செ.மீ. அகலம் என்றால் அணியத்தில் 7 செ.மீ.தான். நடுவில் 24 பட்டை என்றால் அணியத்திலும் அதே 24 வர வேண்டும், அப்படியானால் ஒவ்வொன்றும் அங்கே 2.9 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். இதை ஒவ்வொரு சட்டத்திலும் அளந்து, பட்டையில் குறித்து, சீவி, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் வளைத்து, அப்புறம்தான் ஒட்ட வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே சீவ வேண்டி வந்தால் சீவாதீர்கள், நுனி ஊசியாகிப் பிளந்துவிடும். அந்த இடத்தில் ஒரு வரிசையை நடுவழியில் நிறுத்திவிடுவதே நல்லது. இடப்பக்கம் இரண்டு பட்டை ஒட்டினால் வலப்பக்கமும் இரண்டு, இல்லாவிட்டால் ஏராவே கோணிக்கொள்ளும்.

பீரங்கி வாசல்களில் நன்றாக மாட்டிக்கொண்டேன். பக்கத்துக்கு 14. ஸ்கேலை வைத்து நேர்கோட்டில் குறித்து, வெட்டியும் விட்டேன். தளம் நேராக இருக்காது, இரண்டு முனையிலும் மெல்ல மேலே ஏறும், வாசல்களும் அந்த வளைவோடுதான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனாலும் வெட்டினேன். நடுவில் எல்லாம் சரி, அணியத்துக்குப் போகப் போகப் பீரங்கிக் குழல் வாசலின் மேல்விளிம்பை முட்டியது. எட்டு வாசலைக் கட்டை வைத்து அடைத்து மறுபடி வெட்டினேன். நல்லவேளை, மேலே இன்னொரு அடுக்குப் பட்டை வருவதால் ஒட்டு தெரியவில்லை.

அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் பாசியும் அண்டாமல் இருக்க நிஜக் கப்பலிலும் இதுதான். ஒட்டும் செம்பு நாடாவை 19 மி.மீ. நீளமாக வெட்டி, அமரத்திலிருந்து அணியம் நோக்கி ஒட்ட வேண்டும், அப்போதுதான் முன் தகடு பின் தகட்டின் மேல் ஏறும், ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. ஆயிரத்துக்கு மேல் தகடு. சலிப்பான வேலைதான், வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கயிறு. அசையாமல் பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கறுப்பு. பாயை இழுக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. பருத்தி நூல் என்றால் பிசிறு நிற்கும், அதுவும் 64 மடங்கு பெரிதாகத் தெரியும், பாலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள். பக்கக் கயிறுகளை வலம் ஒரு ஜோடி, இடம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். முன் பாய்மரத்தில் அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முழுதாக இழுத்துக் கட்டி, மரம் சாய்ந்து, எல்லாவற்றையும் அறுத்தேன். குறுக்கே மாலுமிகள் ஏறும் படிக்கயிறு 6 மி.மீ.க்கு ஒன்று, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. இறுக்கினால் பக்கக் கயிறு உள்ளே வளைந்து இடுப்புச் சிறுத்த மாதிரி ஆகிவிடும் என்பதால், பின்னால் கோடு போட்ட அட்டையை வைத்துக்கொண்டு தளர்வாகவே முடிகிறேன். ஒரு நாளைக்கு நான்கு வரிசைக்கு மேல் கண் ஒத்துழைப்பதில்லை. பாய் கட்டுவதாக இல்லை, மரத்தின் ரேகை மாதிரியே துணியின் நெசவும் நமக்காகச் சுருங்காது. நடுப் பாய்மரத்தின் இடப்பக்கம் இன்னும் பதினேழு வரிசை பாக்கி.