லாஸ் வேகஸ் பிளாக்ஜாக் போட்டி: கட்டிய பணம் எங்கே போகிறது?

லாஸ் வேகஸ் போகிறவர்கள் ஒரு பிளாக்ஜாக் போட்டியிலாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். 21-ஐத் தாண்டாமல், கேசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலரைவிட அதிக எண்ணிக்கை சேர்ப்பதுதான் பிளாக்ஜாக். ஊருக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

நுழைவுக் கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் ஒரே அளவு போட்டிச் சிப்ஸ் (பந்தயம் வைக்கும் வில்லைகள்) தருகிறார்கள். அதைக் காசாக மாற்ற முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்கள் முடிந்ததும் மேஜையில் யாரிடம் அதிகச் சிப்ஸ் இருக்கிறதோ, அவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். டீலரை ஜெயித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவர்களை முந்த வேண்டும்.

என் மேஜையின் கடைசி ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எதிரே இருந்த அம்மாவிடம் 1,150, என்னிடம் 1,000. மற்றவர்கள் ரொம்பப் பின்னால். அவர் முதலில் பந்தயம் வைக்க வேண்டும், நான் கடைசி. அவர் 300 வைத்தார். தோற்றால் அவரிடம் 850. நான் 100 மட்டும் வைத்தேன், தோற்றாலும் 900 இருக்கும். அவருக்கு 18, எனக்கு 17, டீலர் திருப்பினால் 20! இரண்டு பேரும் தோற்றோம், மேஜை எனக்கு. டீலருக்கு நல்ல சீட்டு வந்தால் எல்லோரும் சேர்ந்துதான் தோற்பார்கள், அதனால்தான் கடைசியாகப் பந்தயம் வைக்கும் இடத்துக்கு அவ்வளவு மதிப்பு. சாதாரண மேஜையில் இந்தச் சுகம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, காசு விஷயம். 60 பேர் தலைக்கு 50 டாலர் கட்டினால் 3,000. பரிசுத் தொகையும் 3,000 என்றால் நியாயமான போட்டி. கேசினோ தன் பங்காகக் கொஞ்சம் சேர்த்தால் யோசிக்காமல் சேரலாம். பரிசு 2,400 தான் என்றால் 20 சதவீதம் போய்விட்டது. விதிகள் நன்றாக உள்ள மேஜையில் அடிப்படை உத்திப்படி (எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற நிலையான கணக்குப்படி) ஆடினால் கேசினோவின் அனுகூலம், அதாவது பந்தயத்தில் சராசரியாக அது எடுத்துக்கொள்ளும் பங்கு, சுமார் அரை சதவீதம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். மறுபடி பணம் கட்டி உள்ளே வர அனுமதிக்கும் போட்டிகளில், அந்தப் பணமும் பரிசில் சேர்கிறதா என்று பதிவு மேஜையிலேயே கேட்டுவிடுங்கள். பரிசு ரொக்கமா, அங்கேயே ஆடித் தீர்க்க வேண்டிய கூப்பனா என்பதையும் கேளுங்கள்.

தங்கிய ஹோட்டல்மேல்தான் எனக்குக் கோபம். வாடகை மலிவு என்று போனால், ராத்திரிக்கு ராத்திரி ரிசார்ட் ஃபீ தனி. நான் எட்டிக்கூடப் பார்க்காத நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். போட்டிக் கட்டணத்தைவிட இதுதான் பட்ஜெட்டைக் கடித்தது. பகல் கொள்ளை.

அப்புறம் முக்கியமான ஒன்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேசினோ சம்பாதிப்பது அந்த நேரத்தில்தான். சும்மா இருக்க முடியாமல் எல்லோரும் பக்கத்து மேஜையில் உட்கார்கிறார்கள். பெரிய கேசினோக்கள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில், குறைந்த பந்தய மேஜைகள் பலவற்றில் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 2-க்கு 3 கிடையாது, 5-க்கு 6 தான். 10 டாலர் வைத்தால் 15 வர வேண்டிய இடத்தில் 12 வருகிறது. இந்த ஒரு விதியே கேசினோவின் அனுகூலத்தைச் சுமார் 1.4 சதவீதம் ஏற்றிவிடும். போட்டியில் எவ்வளவு நல்ல கணக்குப் போட்டாலும் இங்கே கரைந்துவிடும்.

நான் அந்த நேரத்தில் பஸ் பிடித்து லோட்டஸ் ஆஃப் சயாம் என்ற உணவகத்துக்குப் போனேன். வடதாய்லாந்துச் சமையல். காவ் சோய் என்ற நூடுல்ஸ் வாங்குங்கள்: தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், பிழிந்துகொள்ள எலுமிச்சை. காரம் கேட்டால் நிஜமாகவே காரம் போடுகிறார்கள். ஸ்ட்ரிப் விலையோடு பார்த்தால் மனசு ஆறுதலாக இருந்தது.

அரையிறுதியில் வெளியேறினேன், பரிசு இல்லை. இருந்தாலும் 50 டாலருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க இவ்வளவு விறுவிறுப்பு, அதுவும் அதற்குமேல் ஒரு காசு போகாது என்ற உறுதியோடு. பரிசு முழுவதும் ஆட்டக்காரர்களுக்கே திரும்புகிற போட்டி என்றால் நான் மறுபடி கட்டுவேன்.