நீத்துப்பெட்டியும் உப்புப் படிந்த சப்பாத்தும்

நான் கனடாவில் ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது நவம்பர் மாதத்தின் முதற்கிழமை. கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பின்னேரம் ஐந்தரை மணிக்குத் தேநீர் ஊற்ற எழுந்தபோது வெளியே இருட்டிவிட்டது. டிசம்பர் நடுப்பகுதியில் 4:40 மணிக்கே சூரியன் போய்விடும், பகல் முழுவதையும் கூட்டினாலும் ஒன்பது மணித்தியாலம் வராது என்று பிறகுதான் அறிந்தேன். யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும். அந்த இரண்டரை மணித்தியால இழப்பு உடம்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

குடியிருந்தது ஒரு பேஸ்மென்ற். ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் முதற்பனி கொட்டிய இரவுக்குப் பிறகு அதில் பாதி மூடிக்கொண்டது. பஸ், வேலை, மறுபடி பஸ், கட்டில். அந்த மூன்று மாதமும் எனக்குத் தெரிந்த கனடா இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி கோழிக்கறியும் பருப்பும் சமைத்து, கிழமை முழுவதற்கும் டப்பாக்களில் பிரித்து வைப்பேன். வியாழக்கிழமை வரும்போது அந்தச் சோறு தொண்டையால் இறங்காது. கறியில் பிழை இல்லை; பசியே வருவதில்லை. பசி இல்லாமல் சாப்பிடுவதைப் போல ஒரு தனிமை வேறு இல்லை.

மேல்வீட்டில் இருந்த மாமி பருத்தித்துறைக்காரர். 1983க்குப் பிறகு வந்து, முப்பதுக்கு மேற்பட்ட பனிக்காலங்களைக் கண்டவர். ஒரு சனிக்கிழமை படியிறங்கி வந்து, சிங்க் தொட்டியருகே பாதி மிஞ்சிக் கிடந்த டப்பாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, வெளிக்கிடு. நடந்துவிட்டு வந்து சாப்பிட்டுப் பார்” என்றார்.

“மாமி, வெளியே பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகை.”

“எட்டெல்லாம் ஒரு குளிரா? காற்று எவ்வளவு என்று பார்த்தாயா?”

அது என் முதற்பாடம். வானிலை அறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. காற்றோடு சேர்த்து உடம்பு எப்படி உணரும் என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். எட்டு என்று சொல்லும் நாளில் காற்று எழும்பினால் அது பதினாறாகிவிடும். பருத்த ஜக்கெற் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்ற என்னை மாமி திருப்பி அனுப்பினார். உடம்போடு ஒட்டிய மெல்லிய உடுப்பு, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜக்கெற் என்று அடுக்கடுக்காகப் போடச் சொன்னார். காதும் மணிக்கட்டும் மூடியிருந்தால் பாதிக் குளிர் குறைந்தது மாதிரி என்பது அவருடைய கணக்கு. என் அனுபவத்தில் அது உண்மை.

நடைபாதையில் உப்புக் கொட்டியிருந்தார்கள். தண்ணீர் உறையும் அளவை உப்பு கீழே இறக்கிவிடும் என்பதால் பனிக்காலம் முழுவதும் லொறிகள் தெருவெல்லாம் உப்பைத் தூவிக்கொண்டு போகும். கடுங்குளிரில் அந்த உப்பும் தோற்றுப்போகும். எனக்கு அதை மிதிக்கக் கால் கூசியது. ஆனையிறவு உப்பளத்தைப் பஸ் ஜன்னலால் பார்த்து வளர்ந்தவள் நான். உப்பைச் சிந்தினாலே அம்மா பேசுவார். இங்கே அது செருப்படியில் நொறுங்குகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சப்பாத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அலை வந்து போன மணல்போல. வினாகிரியும் தண்ணீரும் கலந்து துணியால் துடைத்தால் அது போய்விடும். அப்படியே விட்டால் தோல் வெடிக்கும். இப்போது ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வாசற்படியில் உட்கார்ந்து அதைத் துடைக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மூக்கும் விரலும் சூடேறும்.

விழுந்த பனியைவிட, உருகி மறுபடி உறைந்த தண்ணீர்தான் ஆபத்தானது. ஈரமான தார்வீதி போலவே தோன்றும். சின்ன அடியாக, பாதம் முழுவதையும் ஊன்றி நடக்க வேண்டும். கையைச் சட்டைப்பைக்குள் விட்டால் விழும்போது ஊன்ற முடியாது.

மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போனது பிரிம்லி வீதியில் இருக்கும் தொம்சன் நினைவுப் பூங்காவுக்கு. கார்கள் இரைந்து ஓடும் வீதியை விட்டுச் சரிவில் இறங்கினால் ஹைலண்ட் ஓடையின் மேற்குக் கிளை. இறங்கிய சில நிமிடத்திலேயே காற்று நின்றுவிடுகிறது. ரொறன்ரோ முழுவதும் இப்படிப் பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. நெரிசலான இந்த நகரத்தில் இவ்வளவு நிலத்தில் ஏன் வீடு கட்டவில்லை என்று கேட்டேன். 1954 ஒக்டோபரில் ஹேசல் புயல் வந்து ஆறுகள் பெருகியபோது ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்ட விடாமல் அவற்றைப் பூங்காக்களாக்கினார்கள். அதைக் கேட்டபின் அந்த வழியில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. இந்த ஊருக்கும் இழப்பு தெரிந்திருக்கிறது, அந்த இழப்பின் மேல்தான் நான் நடக்கிறேன். பஸ்ஸில் போன மூன்று மாதத்தில் எனக்கு ஊர் தெரியவில்லை. நடந்த ஒரு கிழமையில் எந்த வளவில் நாய் குரைக்கும், எந்தக் கிளையில் சிவப்புக் கார்டினல் குருவி வந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்குத் திரும்பி வந்தபோது வயிறு காந்தியது. மாமி மேலே வரச் சொல்லி, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி தட்டிப்போட்ட இரசத்தைக் கோப்பையில் வார்த்துத் தந்தார். மூக்கு நுனி உருகி ஒழுக ஒழுகக் குடித்தேன்.

டப்பாச் சமையலை அந்தக் கிழமையே நிறுத்தினேன். எவ்வளவு களைத்து வந்தாலும் இரவில் ஒன்றாவது புதிதாக அடுப்பில் ஏறும். பெரும்பாலும் புட்டு. ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த, புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டி, வீட்டுச் சூடேற்றியின் வறண்ட காற்றில் ஓரம் வெடிக்கத் தொடங்கியது. பாவிக்க முன் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி இளகிவிடுகிறது. வறுத்த சிவப்பரிசி மாவும் உறைந்த தேங்காய்ப்பூவும் போட்டு ஆவி கிளம்பும்போது, அந்தச் சின்ன ஜன்னல் முழுவதும் நீர் கோத்துவிடும். ஓலை வாசனை கட்டில்வரை வரும். கேல் கீரையை முடிபோல அரிந்து வறை செய்தால் நன்றாக இருக்கிறது. முருங்கையிலையின் சுவை அதில் வராது, ஆனால் பச்சைமிளகாயையும் தேங்காயையும் அது நன்றாக ஏற்கிறது. தோசை மாவுதான் என்னை அதிகம் படுத்தியது. ஒரு பகல் ஓர் இரவு வைத்தும் பொங்கவில்லை. ஓவனைச் சூடேற்றாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, அதற்குள் வைக்கச் சொன்னார் மாமி. விடியப் பார்த்தால் மா மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தாளிக்கும் முன் ஜக்கெற்றுகளை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். கம்பளியில் ஏறிய வெங்காய வாசனை மார்ச் வரை போகாது.

பாலில் விற்றமின் டி சேர்ப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். வெயில் இல்லாத மாதங்களில் இரவில் ஒரு கோப்பைப் பால் குடிக்கும் பழக்கமும் அப்படித்தான் வந்தது.

மாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடையின் நடுப்பகுதியும் உறையும் கிழமையில்தான் அவர் காயவைத்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவார். அதற்கு முன் யார் கேட்டாலும் மாட்டார். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, கரைத்த ஒடியல் மாவைக் கடைசியில் ஊற்றித் துழாவும் அந்தப் பெரிய பானையைச் சுற்றி மேல்வீடும் கீழ்வீடும் கூடும். இந்த வருடம் அவருக்கு முழங்கால் நோ. சரிவில் இறங்க முடியவில்லை. அதனால் ஓடையைப் பார்த்து வந்து சொல்லும் வேலை எனக்கு.

சென்ற கிழமை கரையோரம் மட்டும் கண்ணாடித் தகடுபோல இருந்தது. நேற்று இறங்கிப் பார்த்தேன். வளைவில் நின்று நெடுநேரம் காது கொடுத்தேன். தண்ணீர்ச் சத்தமே இல்லை. மேலே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னேன்.

மாமி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“நடுவிலுமா?”

“நடுவிலும்தான் மாமி.”

“அப்படியென்றால் மாவை இப்போதே ஊறப்போடு. கசப்புப் போக இரண்டு தண்ணீராவது மாற்ற வேண்டும்.”