மிதக்கும் பேனா

"இது கிராபிக்ஸ்தானேப்பா" என்று சொல்லிவிட்டு மகள் மறுபடியும் போனுக்குள் போய்விட்டாள்.

ஓடிக்கொண்டிருந்தது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. விண்கலத்தில் ஒருவர் தூங்குகிறார், அவர் கையிலிருந்து நழுவிய பேனா மெல்லச் சுழன்றபடி மிதக்கிறது, பணிப்பெண் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்து அதைப் பிடித்து அவர் பையில் செருகுகிறார். அவ்வளவுதான் காட்சி.

படம் வந்தது 1968இல். மனிதன் நிலவில் கால் வைக்கவே இன்னும் ஒரு வருடம் இருந்தது, கிராபிக்ஸ் ஏது? கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டி, அந்தத் தகட்டைச் சுழற்றியிருக்கிறார்கள். பணிப்பெண் பேனாவைப் பிடிக்கவில்லை, பிய்த்து எடுக்கிறார்!

சொன்னதும் போனைக் கீழே வைத்தாள். மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தாள், கண்ணாடியின் ஓரம் எங்காவது தெரிகிறதா என்று. (தெரியவில்லை. நானும் தேடினேன்.)

இப்போது திரையில் ஒரு கிரகமே வெடிக்கிறது, நமக்குக் கொட்டாவி வருகிறது.

கிராபிக்ஸ் மேல் பழி போட முடியாது. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’கிலும் அது இருந்ததே. ஆனால் ஸ்பீல்பெர்க் அந்த நீளக் கழுத்து டைனோசரைக் காட்டும் முன்னால், அதைப் பார்த்து வாயடைத்துப் போனவர்களின் முகங்களைக் காட்டினார். அந்தச் சில நொடி காத்திருக்க இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, எடுப்பவர்களுக்கும் சரி, எனக்கும் சரி.

அப்புறம், மகள் இப்போது வீடு முழுக்க டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். என் பேனாவைக் காணவில்லை.